கேம் மெசினுக்கு வைத்த பொட்டு

நான் செய்த வேலைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமையடிக்கிறான் கிழவன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு ரேடியோ செய்தேன், பாதி லயம் எங்கள் வாசலில் வந்து நின்று செய்தி கேட்டது. ஓடையில் தகரச் சக்கரம் போட்டு, அதில் சைக்கிள் டைனமோவைப் பூட்டி, தோட்டத்துக்குக் கரண்டு வருவதற்கு முந்தியே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பல்ப் எரிய வைத்தேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்து பார்த்துவிட்டு, யாரிடமிருந்து திருடியது என்று கேட்டார். திருடுவதற்கு இந்தத் தோட்டத்தில் யாரிடம் கரண்டு இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அன்றைக்குப் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், என் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நானும் பெரட்டுக்குப் போகவில்லை. ஹட்டன் டவுனில் கடை போட்டேன். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் நான் ‘ரேடியோ பாஸ்’. கினிகத்தேனையிலிருந்துகூட பஸ்ஸில் டிவியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். வீடு கட்டினேன். மகளைப் படிக்க வைத்தேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கேம் மெசின்.

காசு போட்டு, நின்றபடி ஆடுகிற பெரிய மெசின். கொழும்பில் மட்டும்தான் இருந்த காலம் அது. துறைமுகப் பக்கம் பழைய சாமான் குவியலில் அதன் உள்போர்டை மட்டும் கண்டெடுத்தேன். ஒரு பெரிய பச்சைத் தட்டு, அதில் வரிசை வரிசையாக ஐ.சி., ஓரத்தில் பித்தளைப் பல். மற்ற எல்லாம் நான் செய்தது. கூடு, தேயிலைப் பெட்டிப் பலகை. திரை, யாரோ கழித்துக் கட்டிய டிவி. கைப்பிடி, பஸ் கியரின் உருண்டை. பொத்தான்கள், வீட்டு வாசல் பெல். டிரான்ஸ்போமரை என் கையால் சுற்றினேன். போர்டில் சத்தத்துக்கு உள்ள கிறிஸ்டல் உடைந்திருந்தது. அதே அளவு கிடைக்காமல் ஒரு டிவியிலிருந்து பிடுங்கிய கிறிஸ்டலைப் போட்டேன். மெசின் ஆரம்பிக்கும்போது ஒரு பாட்டு வரும். என் கிறிஸ்டலால் அது கொஞ்சம் மெதுவாகவும், சுருதி இறங்கியும் வந்தது. சளி பிடித்தவர் பாடுகிற மாதிரி. கொழும்பில் ஆடிப் பழகியவர்கள் சிரித்தார்கள். என் மனைவிக்கு அதுதான் பாட்டு.

அவள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்கு வந்தாள். முதலில் அந்த மெசினைப் பேய் மாதிரிப் பார்த்தாள். திரையில் மேலேயிருந்து பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கும், கீழே நம் வண்டி நின்று சுட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பூச்சிகளுக்கு அவள் வைத்த பெயர் அட்டை. கால் நிறைய அட்டைக்கடி வாங்கியவளுக்கு அவற்றைச் சுடுவதில் தனிச் சந்தோசம்.

"நெரை புடிச்சுப் போகணும்ங்க" என்பாள் என்னிடம். "நீங்க அங்கயும் இங்கயும் பாயுறீங்க. ஒரு நெரைய முடிச்சுட்டு அடுத்த நெரைக்கு வாங்க."

கொழுந்து எடுத்த விரல் அது. டவுனில் யாராலும் அவளை ஜெயிக்க முடியவில்லை. பஸ் கண்டக்டர் ஒருத்தன் வண்டி கிளம்பும்வரை தினமும் வந்து தோற்றுவிட்டுப் போவான்.

"அக்கா, ஒரு நாளைக்காவது விட்டுக் குடுங்க."

"மிச்சக் காசு குடுக்காம தப்பிக்கிற மாதிரி இந்த அட்டைங்ககிட்டயும் தப்பிக்கப் பாக்குற. நடக்காது தம்பி."

கடை முழுக்கச் சிரித்தது. அவன் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

காலம் போனது. எல்லோர் கையிலும் போன் வந்தது. மெசினுக்கு ஆள் வருவது நின்றுபோனது. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு அவள் ஓர் ஆட்டம் ஆடுவாள். அந்தச் சளி பிடித்த பாட்டு வந்தால்தான் எங்களுக்குப் பொழுது விடிந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் அதைக் கேட்ட பிறகுதான் தன் கதவுப் பலகையைக் கழற்றுவார்.

இனி அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயுத பூசைக்கு எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மீட்டர், குறடு, ஈயம் வைக்கிற அயன், திருப்புளி எல்லாம் வாழையிலையில் உட்கார்ந்திருக்கும். ஒரு வருசம் மெசினின் பின்கதவையும் திறக்கச் சொன்னாள்.

"வெளியில வச்சா போதாதா?" என்றேன்.

"மனுசனுக்கு சட்டை மேலயா பொட்டு வைக்கிறோம்? தொறங்க."

திறந்தேன். போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுல எதுங்க முக்கியம்?"

"எல்லாந்தான். தொடாத. கரண்டு போற எடம், ஈரச் சந்தனம் ஆகாது."

"பிளக்கத்தான் புடுங்கிட்டீங்களே. சாமிக்கு ஷாக் அடிக்காது."

போர்டில் சில ஐ.சி.களின் தலையில் சின்னதாக வட்டக் கண்ணாடி உண்டு. அதன் மேல் கடதாசி ஒட்டி ஏதோ நம்பர் எழுதியிருக்கும். கம்பனிக்காரன் ஒட்டிய லேபல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பனி ஈரத்தில் ஒன்றுக்கு மட்டும் அந்தக் கடதாசி கழன்று விழுந்திருந்தது. அதைத்தான் அவள் கண்டுபிடித்தாள்.

"பாவம், இது மட்டும் நெத்தி வெறிச்சுனு கெடக்கு" என்று சொல்லி, மோதிர விரலால் அந்தக் கண்ணாடி மறையுமளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

திட்டினேன். மெசின் ஓடியது. அடுத்த வருசம் காய்ந்த பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு. அதற்கடுத்த வருசமும். பாசி படிந்த மாதிரி ஏறிக்கொண்டே போனது. பிறகு நானும் திட்டுவதை விட்டுவிட்டேன்.

போன வருசத்துக்கு முந்தின மாசியில் அவள் போய்விட்டாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வளைவு திரும்புமுன் என் தோளில் சாய்ந்தாள், அவ்வளவுதான். மஞ்சள் பூசி, நெற்றி நிறையப் பொட்டு வைத்து அனுப்பினோம். புண்ணியவதி, பொட்டோடு போனாள் என்று வந்த பெண்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாமாயிருந்தது.

கடையை மாதக்கணக்கில் திறக்கவில்லை. சாவு வீடு என்பதால் அந்த வருசம் ஆயுத பூசையும் இல்லை. மார்கழியில், ஆண்டுத் திவசம் நெருங்குகிறதே என்று கடையைத் திறந்தேன். திவசத்தன்றைக்கு அவள் படத்துக்கு முன்னால் அந்தப் பாட்டு ஒரு தடவை ஒலிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. ஐயர் மந்திரம் சொல்லட்டும், மகள் படையல் போடட்டும். நான் அவளுக்குச் செய்யக்கூடியது அதுதான்.

சுவிட்சைப் போட்டேன். "ங்..." என்று ஓர் இரைச்சல். திரையில் சேலை முந்தானை மாதிரிக் கோடுகள்.

தையல்காரர் வந்து வாசலில் நின்றார். "என்ன மச்சான், தொண்டை கட்டிக்கிச்சா? ஒரு ஊசி போட்டுப் பாரு."

"உன் தையல்ல பொத்தானே நிக்காது. நீ எனக்குச் சொல்ல வந்துட்ட."

எனக்குப் பழுது பார்ப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் சோறு, பிறகு நோய். அதாவது முதலில் கரண்டு சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை வைத்தேன். போர்டுக்கு ஐந்து வோல்ட் போக வேண்டும். போர்டு பூட்டாதபோது ஐந்து காட்டியது, பூட்டியதும் விழுந்தது. பெரிய கண்டென்சர் வயிறு உப்பிப் போயிருந்தது. மாற்றினேன். இரைச்சல் போனது, கோடுகள் போயின. படம் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. போர்டின் பித்தளைப் பற்கள் பச்சை பிடித்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். எழுத்து சரியானது.

பாட்டும் வந்தது.

முழுசாக இல்லை. பாதியில் நின்று, படமும் உறைந்துபோனது. ஆனால் அது அதே பாட்டு, அதே சளி. தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவருக்கும் தங்கச்சி மாதிரி.

அதற்குப் பிறகு காலையில் வெயில் ஏறினால் கொஞ்சம் ஓடும், மதியம் பனி இறங்கினால் நின்றுவிடும். ஈரம்தான் நோய் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த ஊரில் பாதி ரேடியோவுக்கு அதே நோய்தான். அதற்கு வைத்தியமும் நான்தான் கண்டுபிடித்தேன். ஸ்பிரிட்டில் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, தை மாத வெயிலில் கூரைத் தகரத்தின் மேல் காய வைப்பேன். எத்தனை டிவி என் கூரையில் காய்ந்து உயிர் பிழைத்திருக்கிறது என்று டவுனில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

போர்டைக் கழற்றி மேசையில் போட்டுத் தேய்த்தேன். நம்பர் எழுதிய லேபல்களை மட்டும் நனையாமல் விட்டேன், எழுத்து இருந்தால் உதவும் என்று. கடைசியில் அந்தப் பொட்டு இருந்த இடத்துக்கு வந்தேன்.

பிரஷ் நின்றது.

"அத விட்று மச்சான்" என்றார் தையல்காரர்.

"சந்தனம் ஈரத்தை இழுக்கும். நோயே அதுவாத்தான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். அது தங்கச்சி கை."

"தொழில்ல பாசம் பாக்கக் கூடாது" என்றேன். பெரிய மனுசத்தனமாகச் சொன்ன அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வைத்தேன். அடுக்கடுக்காகக் கரைந்து வந்தது. மேலே செம்மண் நிறம், கீழே போகப் போக மஞ்சள். கடைசி அடுக்கில் அவளுடைய விரல் ரேகை தெரிந்த மாதிரி இருந்தது, இல்லை, அது என் கண் பார்த்த பார்வையாகவும் இருக்கலாம். பொட்டை அழிக்கிற வேலை ஆண்பிள்ளை செய்கிற வேலையா என்று ஒரு நினைப்பு வந்தது. துடைத்தேன். உள்ளே அந்தக் கண்ணாடி சுத்தமாகப் பளிச்சென்று இருந்தது.

வெயில் இருந்த நாளெல்லாம் போர்டு கூரையில் கிடந்தது. விடிந்ததும் ஏற்றுவேன், பனி இறங்குமுன் எடுத்துப் போர்வையில் சுற்றி வைப்பேன். மகள் வந்து பார்த்து, "போதும்ப்பா, அப்பளமா அது?" என்றாள். ஒரு சொட்டு ஈரம்கூட மிஞ்சக் கூடாது என்று இன்னும் சில நாள் வைத்தேன்.

திவசத்தன்று தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். படையல் முடிந்தது. மெசினைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக் கூடத்தில் வைத்து, அவள் படத்தைப் பார்க்கும்படி திருப்பி, சுவிட்சைப் போட்டேன்.

திரை வெளிச்சமானது. முழுக்க ஒரே எழுத்து, கரையான் அரித்த மாதிரி. அசையவில்லை. சத்தமே இல்லை. அணைத்துப் போட்டேன். அதே எழுத்து. மறுபடியும் போட்டேன். சொந்தக்காரர்கள் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஐயர் எழுந்து செருப்பைத் தேடினார்.

தையல்காரர் சத்தமாகச் சொன்னார்: "இன்னைக்குக் கரண்டு கம்மி. என் மெசினும் காலையிலேர்ந்து இழுக்குது."

அவருடைய தையல் மெசின் கால் மெசின். எல்லோருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பிறகு நான் பார்க்காத பார்வை இல்லை. ஐ.சி.களுக்கு ஒவ்வொரு காலாக ஈயம் வைத்தேன், கிறிஸ்டலை மாற்றினேன், வயரெல்லாம் புதிதாக இழுத்தேன். கரண்டு சரி, இணைப்பு சரி, ஈரம் துளியும் இல்லை. என் தொழிலில் நான் காரணம் கண்டுபிடிக்காத பழுது இது ஒன்றுதான்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், முன் மண்டபத்தில் வைப்பதற்குப் பழைய சாமான்கள் தேடிக்கொண்டிருந்தது. மகள்தான் பேசினாள். "வீட்ல கெடந்து மக்கிப் போறதுக்கு, நாலு பேரு பாக்குற எடத்துல இருக்கட்டும்ப்பா." அவர்கள் கொழும்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையை அனுப்பினார்கள். சின்ன வயது, கையில் கம்ப்யூட்டர். கேட்டால் அவளும் அக்கரப்பத்தனைத் தோட்டத்துப் பிள்ளைதான், படித்து கொழும்புக்குப் போனவள்.

"தாத்தா, இந்தக் கூடு யாரு செஞ்சது?"

"எல்லாம் நான்தான். தாத்தான்னு சொல்லாத. பாஸ்னு சொல்லு."

"சரி பாஸ் தாத்தா" என்றாள். தையல்காரர் சிரித்தார்.

அந்தக் கண்ணாடி வைத்த ஐ.சி.களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு சின்னப் பெட்டியில் செருகிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். கடைசி ஒன்றில் நிறுத்திவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மத்ததுல எல்லாம் எழுத்து இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல, வெறுமையா இருக்கு. இதுக்கு மேல ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?"

"ஏன்?"

"இந்த மாதிரி ஐ.சி.ல ஆட்டத்தை எழுதுறது கரண்டால. அழிக்கிறது வெளிச்சத்தால. வெயில் மாதிரிக் கடும் வெளிச்சம் இந்தக் கண்ணாடி வழியா உள்ள போனா கொஞ்சங் கொஞ்சமா அழிஞ்சிரும். அதுக்காகத்தான் மேல கடதாசி ஒட்டுறது. இது எப்பவாச்சும் வெயில்ல இருந்துச்சா தாத்தா?"

தையல்காரர் தலையை உயர்த்திக் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

"பொட்டு இருந்துச்சு" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று அந்தப் பிள்ளை சிரித்தது. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தியது. மிச்சத்தைத் தையல்காரர் மெதுவாகச் சொன்னார். ஆயுத பூசை, சந்தனம், கூரைத் தகரம் எல்லாம் சொன்னார். என் பஞ்சை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன்.

"இதே மாதிரி போர்டு வேற எங்கயாச்சும் கெடைச்சா, அதப் பாத்துத் திரும்ப எழுதலாம்" என்றாள். தேடியும் பார்த்தாள். என் போர்டு யாரோ எங்கேயோ அசலைக் காப்பியடித்து ஒட்டுப் போட்டுச் செய்த போர்டு, அதே மாதிரி இன்னொன்று அகப்படவில்லை. கடைசியில் சிகரெட் பெட்டி அளவு ஒரு புதுப் போர்டை என் கூட்டுக்குள் வைத்தாள். அதற்குள் எத்தனையோ ஆட்டம், எங்கள் அட்டை ஆட்டத்தின் அசலும் அதில் இருந்தது. ஓட விட்டாள். பாட்டு வந்தது. வேகமாக, சுருதி சுத்தமாக வந்தது. எனக்கு அது யாரோ ஒருத்தருடைய பாட்டாக இருந்தது.

"கொஞ்சம் மெதுவா, எறக்கிப் பாட வைக்க முடியுமாம்மா?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் ஏதோ செய்தாள். இறங்கி வந்தது. இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் இறக்கினாள். கிட்டத்தில் வந்துவிட்டது. என் மனைவி அடுத்த அறையில் இருக்கிறாள், இதோ வருகிறாள் என்கிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

வெறுமையான அந்த ஐ.சி.யைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த ஆயுத பூசைக்கு அதற்கு நானே சந்தனம் வைத்தேன். என் விரல் ஈயம் பிடித்த விரல், பொட்டு கோணலாகப் போனது.

போன வாரம் மகள் என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனாள். மண்டபத்தில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், என் மெசின் மெழுகு பூசி நிற்கிறது. தேயிலைப் பெட்டியின் தகர ஓரத்தைக்கூடத் துலக்கி வைத்திருக்கிறார்கள். அடியில் ஒரு பித்தளைத் தகடு. இங்கிலீஸ், சிங்களம். மகளை வாசிக்கச் சொன்னேன். தயங்கினாள். பிறகு வாசித்தாள்: பழங்கால விளையாட்டு இயந்திரம், ஹோட்டலின் தொழில்நுட்பப் பிரிவினர் மீட்டு இயங்கச் செய்தது.

என் பெயர் எங்கே என்று மனேஜரிடம் கேட்டேன். "ஐயா, உள்ளே ஓடுறது எங்க போர்டு தானே" என்றார் மரியாதையாக.

சரி. உள்ளே ஓடுவது உங்களுடையது. அதை நான் கேட்கவில்லை. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு வேறொன்று அடியுங்கள், தமிழிலும் அடியுங்கள், எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். இந்தக் கூடு, திரை, கைப்பிடி, பொத்தான், டிரான்ஸ்போமர் எல்லாம் ஹட்டன் ரேடியோ பாஸ் செய்தது என்று போடுங்கள். இவ்வளவு காலம் அது அழியாமல் ஓடியது அவன் மனைவி வைத்த பொட்டினால் என்று போடுங்கள். அதை வெயிலில் வைத்து அழித்ததும் அவன்தான் என்று போட வேண்டுமென்றால், அதையும் போடுங்கள். அதுவும் என் பங்குதான், வேறு யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டேன்.

என் பெயரை மேலே போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.